ஓர் அறை, இரண்டு பேர்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று கொப்பித்தாளில் இரண்டு பக்கம் இருந்தது. எழுதியவர் கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி. வயது 23. தாய் தனித்து வளர்த்த பிள்ளை. கட்டுநாயக்காவில் கார்மென்ற் வேலைக்குப் போக ஆயத்தமாகிறார். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "தையல் தெரியும் அக்கா, மெசின் பழகிடுவன். முன்பின் தெரியாத ஒருத்தியோடை ஒரே அறையுக்குள்ள எப்பிடி இருக்கிறது? நல்ல ஆளெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

இதற்குப் பதில் சொல்வதென்றால் எனது பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். அதனால்தான் ஒரு மாதம் பிந்திவிட்டது. அந்தச் சகோதரி மன்னிக்கவும்.

சேர்ந்து இருப்பது எங்களுக்குப் புதிதில்லை. 2009இல் வவுனியா முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இருந்தது. நான் மெனிக் பாமில் இருந்தேன். எங்கள் கூடாரத்தில் மூன்று குடும்பம், பதின்மூன்று பேர். யாரோடு இருக்க விருப்பம் என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. பக்கத்தில் படுத்தவரின் குறட்டையும் இருமலும் எங்களுடையதாகவே இருந்தது. சண்டை வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசைக்குப் போய்விடுவோம். வரிசை நகர்ந்து முடிவதற்குள் கோபம் ஆறிவிடும், வரிசை அவ்வளவு நீளம். அப்படி இருந்த எனக்கு ஓர் அறையில் இன்னொருவரோடு இருப்பது ஒரு பொருட்டா என்றுதான் நினைத்தேன். ஆனால் முகாமில் இருந்த பொறுமை வாடகை அறையில் எனக்கு வரவில்லை. காசு கொடுத்து இருக்கிற இடம் என்ற எண்ணம் வந்தவுடன் 'என்னுடைய பக்கம்', 'உன்னுடைய பக்கம்' என்பதும் வந்துவிட்டது.

2012 தை மாதம் வவுனியாவில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அறை தேடினேன். ஐந்தாறு வீடு ஏறி இறங்கியிருப்பேன். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி "புருசன் எங்கே?" என்பதுதான். இல்லை என்றால் அடுத்த கேள்வி "ஆர் வந்து போவினம்?" ஒரு வீட்டில் அம்மா ஒருவர் "எந்தப் பகுதி?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். அவர் ஊரைக் கேட்கவில்லை என்பது உங்களுக்கு விளங்கும். அந்த வீட்டில் தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கடைசியாகக் கிடைத்த அறை ஒரு வீட்டின் பின்பக்கம் இறக்கிக் கட்டியது. பத்தடிக்கு பன்னிரண்டடி. தகரக் கூரை, ஒரு யன்னல், வெளியில் ஒரு சின்னக் குசினி, கிணறு பொது, மலசலகூடம் வீட்டுக்காரரோடு பொது. வாடகை 4,000 ரூபா, மூன்று மாத முற்பணம். தனி ஆளாய் என்னால் முடியாது. கடைக்கு வந்துபோகிற ஒருவர், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளையும் அறை தேடுது" என்று சொல்லி ஓர் அக்காவைக் கூட்டிவந்தார். என்னை விட ஏழு வயது மூத்தவர். துப்புரவு வேலை, ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு.

நான் அவரிடம் என்ன கேட்டேன் தெரியுமா? ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, சைவமா வேதமா, மாதம் இரண்டாயிரம் கட்ட ஏலுமா. இவ்வளவும்தான். அவரும் இதையே கேட்டார். இரண்டு பேருக்கும் திருப்தி. அன்று பின்னேரமே சாமான்களை இறக்கிவிட்டோம். கேட்க வேண்டியது வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. எத்தனை மணிக்குப் படுப்பீங்கள், லைற் எரிந்தால் நித்திரை வருமா, சம்பளம் எத்தனையாம் திகதி கைக்கு வரும், ஆர் ஆர் வந்துபோவார்கள், விடிய எழும்பி ரேடியோ போடுவீங்களா, நித்திரையில் பயந்து கத்துகிற பழக்கம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை எங்களைப் போன்றவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. நான் சொல்லவில்லை. வெட்கம்.

ஆட்களைப் பதிகிற விடயத்தையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் இரண்டு பேருடைய அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கி, ஒரு படிவமும் நிரப்பச் சொன்னார். எனக்கு உடம்பு நடுங்கியது. 2007 யூன் 7ஆம் திகதி விடிய கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 300க்கும் மேற்பட்ட எங்கள் ஆட்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பியது எங்களுக்கு மறக்கிற காரியமா? மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தி உத்தரவிட்டது. அதற்கிடையில் போனவர்கள் பட்ட அலைச்சல் போனவர்களுக்குத்தான் தெரியும். அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்டில் முடிவுக்கு வந்த பின்னரும் வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் அந்தப் பயம் போகவில்லை. அறைக்குப் போகிற சகோதரிகள் வாடகைக்கும் முற்பணத்துக்கும் திகதி போட்டு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். அதில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கவேண்டும். ஒருவருடைய பெயரில் மட்டும் எடுத்தால் மற்றவர் விருந்தாளி மாதிரித்தான். கோபம் வருகிற அன்றைக்கு அது வாயில் வந்துவிடும்.

எங்கள் முதல் சண்டை மண்ணெண்ணெயால் வந்தது. போன அடுத்த மாதமே, 2012 மாசியில், ஒரு லீற்றர் 71 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 106 ரூபாவாகியது. நான் விடிய ஒரு முறை, இரவு ஒரு முறை சமைப்பேன். அக்கா இரவு வேலை முடிந்து வந்து சுடுதண்ணி வைத்துக் குளிப்பார், பிறகு தேத்தண்ணி, பிறகு சோறு. எண்ணெய் போத்தல் இறங்குவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவர் என்னுடைய தேங்காயை எண்ணுவார். நான் சம்பலுக்கு அரைத் தேங்காய் துருவினால், "சொதிக்கும் வேணும் பிள்ளை" என்பார். ஒருவர் அரிசி, மற்றவர் கறிச்சாமான் என்று பிரித்துப் பார்த்தோம். அது சரிவரவில்லை. அரிசி ஒரே விலை, கறி ஒவ்வொரு நாளும் ஒரு விலை. மீன் வாங்குகிறவருக்குத்தான் நட்டம். இரண்டு அடுப்பு வைத்துத் தனித்தனியாகச் சமைத்தும் பார்த்தோம். அது ஒன்பது நாள் நடந்தது. ஒரே குசினிக்குள் இரண்டு பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாகப் பருப்பு அவிப்பதைப் போல வெட்கக்கேடு வேறில்லை.

பிறகு ஒரு கொப்பி போட்டோம். ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டது. ஆர் வாங்கினாலும் திகதி, சாமான், விலை, பெயரின் முதல் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்து, குறையக் கொடுத்தவர் மற்றவருக்குப் பாதி வித்தியாசத்தைக் கொடுப்பது. ஐந்து ரூபா வெற்றிலையை எழுதுவதா என்று முதலில் கூச்சம் இருந்தது. எழுதத் தொடங்கிய பின்னர் எண்ணெய் போத்தலை நான் பார்ப்பதில்லை, தேங்காயை அவர் எண்ணுவதில்லை. சொந்தக்காரர் மாதிரிப் பழகுகிறோம், கணக்கு எதற்கு என்று சில பேர் சொல்வார்கள். சொந்தக்காரருக்குள்தான் கணக்குக் கூடுதலாகத் தேவை என்பது என்னுடைய எண்ணம். 2021 ஒக்ரோபரில் 1,493 ரூபாவாக இருந்த பெரிய காஸ் சிலிண்டர் 2,675 ஆகி, 2022 ஏப்ரலில் 4,860 ஆனபோது, கட்டுநாயக்காவில் இருந்த எனக்குத் தெரிந்த மூன்று பிள்ளைகள் சிலிண்டருக்காகவே பிரிந்துபோனார்கள். வாங்கும்போது மூன்று பேரும் காசு போட்டார்கள். ஒருத்தி இடையில் அறையை விட்டுப் போக, வெற்றுச் சிலிண்டர் ஆருக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெரிய சாமான் எதையும் சேர்ந்து வாங்கவேண்டாம். சிலிண்டர் ஒருவருடையது, அடுப்பு ஒருவருடையது, மின்விசிறி ஒருவருடையது என்று இருக்கட்டும். உள்ளே எரிகிற காஸுக்கு மட்டும் எல்லோரும் கட்டலாம்.

கிணற்றடி, மலசலகூடம், உடுப்புக்கொடி பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஆர் எந்த நாள் கழுவுவது என்று பேசிவிட்டால் முடிந்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாதவிலக்குக் காலத்தில் துணி காயப்போட மறைவான, வெயில் படுகிற ஓர் இடத்தை இரண்டு பேரும் முதலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கா அந்த நாட்களில் துடக்குப் பார்ப்பார், நான் பார்ப்பதில்லை. அந்த மூன்று நாளும் தண்ணீர்க் குடத்தை நான் தொட்டுத் தூக்குவேன், அவர் தொடமாட்டார். அவருக்கு அது சரியென்றால் எனக்கு அதில் வழக்கு இல்லை.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

என்னுடைய கணவர் 2009 சித்திரையில் மாத்தளனில் செல் விழுந்து செத்தவர். நானே கண்டேன். நானே மண் போட்டேன். அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். மாலையும் போட்டிருந்தேன். அறையில் எனது பக்கச் சுவரில் அதை மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிட்டி விளக்கு வைப்பேன்.

அக்காவின் கணவர் 2009 மே 18 அன்று வட்டுவாகலில் கையளிக்கப்பட்டவர். அக்கா பக்கத்தில் நின்றவர். பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர். அதற்குப் பிறகு இல்லை. அக்கா பொட்டு வைப்பார், நிறச் சேலை கட்டுவார், தாலியைக் கழற்றவில்லை. இரவில் லைற்றை நூர்க்க விடமாட்டார். நான் முகத்தை மூடிக்கொண்டு படுப்பேன். கரண்ட் பில் கூடுது என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். நானும் முணுமுணுத்தேன். "இருட்டுக்குப் பயமோ அக்கா?" என்று ஒரு நாள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அந்த வருசம் சித்திரையில் மூன்றாவது திதி வந்தது. ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. அறையிலேயே படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து, ஒரு பிடி சோறு படைப்போம் என்று ஆயத்தப்படுத்தினேன். அக்கா வேலையால் வந்து வாசலில் நின்று பார்த்தார். "பிள்ளை, இதை வெளியில எங்கையாவது செய்யேன். என்ர அறையுக்குள்ள செத்தவீட்டு விளக்கு வேண்டாம்" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மூன்று மாதமாக அடக்கிய லைற்றும் மண்ணெண்ணெயும் எல்லாம் சேர்ந்து வந்தது. நான் சொன்ன வார்த்தை இது: "உங்கட ஆள் இருந்தால் இவ்வளவு நாளும் வந்திருக்கமாட்டாரோ?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்க் கிணற்றடியில் இருந்தார். நான் விளக்கை வைத்தேன், சோறும் படைத்தேன். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. காகமும் அன்றைக்கு வரவில்லை என்று ஞாபகம், அல்லது நான் பார்க்கவில்லையோ தெரியாது.

மூன்று கிழமை நாங்கள் பேசவில்லை. கொப்பி மட்டும் பேசியது. அவர் எழுதுவார், நான் எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை காசை மேசையில் வைத்துவிட்டு எழும்பிவிடுவோம். அறையை மாற்றுவோம் என்று நான் வேறு இடமும் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் அந்த வார்த்தையை இன்னொரு முறை அவருக்கு முன்னால் எடுத்து வைக்கவேண்டும். அதற்குத்தான் எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அக்கா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து எனது தையல் மெசினுக்கு மேல் வைத்தார். "இதை வாசிச்சுச் சொல்லு பிள்ளை. உதவிக்காசுக்கு எண்டு சொல்லித் தந்தவை. கையெழுத்து வைக்கட்டாம்" என்றார். அக்கா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆர் தந்தார்கள், எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதவில்லை.

வாசித்தேன். அது இறப்புப் பதிவுக்கான விண்ணப்பம். ஒரு வருசத்துக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய இடம் கொடுத்து 2010இல் 19ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். உங்களில் பல பேர் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். கையெழுத்து வைத்தால் உதவி கிடைக்கலாம். அவருக்கு இரண்டு பிள்ளைகள், தாய் வீட்டில். காசு தேவைதான். நான் சொல்லாமல் விட்டிருந்தால் அக்கா கையெழுத்து வைத்திருப்பார்.

ஒவ்வொரு வரியாக வாசித்து, என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். வையுங்கள் என்றும் சொல்லவில்லை, வைக்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதலில் சொன்ன சொல்லே போதும் என்று இருந்தது. அக்கா கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு, "அப்ப இதில அவர் செத்தவர் எண்டு நான் எழுதிக் குடுக்கவேணும்" என்றார். ஓம் என்றேன். படிவத்தை நாலாக மடித்துத் தன்னுடைய பெட்டிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்தார். அன்று இரவு படுத்திருக்கும்போது அவராகச் சொன்னார்: "செஞ்சிலுவைக்காரருக்கும் மற்ற எல்லாருக்கும் இந்த அறையின்ர விலாசத்தைத்தான் குடுத்திருக்கிறன். ஆராவது இரவில தேடி வந்தால் வீடு இருட்டாக் கிடக்கக்கூடாது. அதுதான் லைற்."

நான் எழும்பி இருந்து, "அக்கா, அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றேன். "ஓம், பிழைதான்" என்றார். அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. கதைகளில்தான் அப்படி நடக்கும். "படு, விடிய வேலை" என்றார்.

அடுத்த நாள் தொடக்கம் சில காரியங்களை மாற்றினோம். படம் சுவரிலேயே இருந்தது, மாலையை எடுத்துவிட்டேன். மாலை இல்லாத படம் அறையில் இருப்பதில் அக்காவுக்கு வருத்தம் இல்லை. விளக்கை வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் வைத்தேன். அறைக்குள் எரிந்த பெரிய பல்பை விட்டு, வாசலுக்கு வெளியே ஒரு சின்னப் பல்பு போட்டோம். அதற்கான கரண்ட் காசைப் பாதிப் பாதி கட்டினோம். அக்கா முழுவதையும் தான் கட்டுவதாகச் சொன்னார். நான்தான் விடவில்லை. அந்தப் பல்பு 2014 ஆவணியில் நான் ஊருக்குப் போகும் வரை ஒவ்வொரு இரவும் எரிந்தது.

என்னுடைய கத்தலையும் அப்போதுதான் வாய்விட்டுக் கதைத்தோம். முதல் மாதங்களில் நான் நித்திரையில் கத்தும்போது அக்கா பயந்துபோய் என்னைப் பிடித்து உலுப்புவார். உலுப்பினால் எனக்கு இன்னும் கூடும், பங்கருக்குள் ஆரோ இழுக்கிற மாதிரி இருக்கும். இப்படியானவரைத் தொட்டு எழுப்பக்கூடாது. லைற்றைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைச் சொல்லவேண்டும். அக்கா, "பிள்ளை, இது வவுனியா. நான் அக்கா. விடிஞ்சால் வியாழக்கிழமை" என்று சொல்வார். கிழமையைச் சொல்வது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. எனக்கு அது நன்றாக வேலை செய்தது. இப்போது 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்து மனச்சுகம் பற்றித் தமிழிலும் கதைக்கலாம். அப்போது அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

சட்ட விடயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, காணப்படாமைச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆள் இறந்ததாக அது சொல்லாது, காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும். பிள்ளைகளின் அலுவல், உதவிப்பணம் போன்றவற்றுக்கு அதைக் காட்டலாம். அதையும் வேண்டாம் என்று சொல்கிற தாய்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. உங்கள் அறையில் இருப்பவர் எதை எடுத்தார், எதை எடுக்கவில்லை என்பதில் நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டாம். படிவத்தை வாசித்துக் காட்டுங்கள், அது போதும்.

கட்டுநாயக்காச் சகோதரிக்கு மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறேன். அங்கே சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. அன்று தொட்டு அவேரிவத்தை, அமந்தொலுவ போன்ற இடங்களில் வரிசை வரிசையாகப் போர்டிங் அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். பல இடங்களில் ஓர் அறைக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், கிணறும் மலசலகூடமும் எல்லா அறைக்கும் பொதுவாக இருக்கும். போய்ப் பார்க்காமல் முற்பணம் அனுப்பவேண்டாம். இரவில் ஒரு முறை போய்ப் பாருங்கள், தொழிற்சாலைக்கும் அறைக்கும் இடையில் வெளிச்சம் இருக்கிறதா என்று தெரியும். உள்ளே போடுகிற தாழ்ப்பாளை நீங்களே ஆட்டிப் பாருங்கள். மலசலகூடக் கதவையும்.

உங்களுடைய ஷிப்ட்டே உள்ள பிள்ளை கிடைத்தால் நல்லது. ஒருத்தி பகலும் மற்றவள் இரவும் என்றால் அறை தனியாகக் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். எனது அனுபவத்தில், ஒருத்தி நித்திரை கொள்ளும்போது மற்றவள் சட்டி கழுவிக்கொண்டிருப்பாள்.

சிங்களப் பிள்ளையோடு இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் அம்மா வேண்டாம் என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மாவின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் என்னுடைய கடையில் வேலைசெய்த பிள்ளை ஒருத்தி அங்கே போய் அநுராதபுரப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியோடு இரண்டு வருசம் இருந்தாள். அந்தப் பிள்ளையின் தமையன் ஆமியில் இருந்து செத்தவன். முதல் ஆறு மாதம் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லையாம், பாஷையும் போதாதாம். பிறகு ஒரு நாள் படங்களைக் காட்டினார்களாம். இவள் கறிக்குப் போடுகிற தூளை அவள் கேட்டு வாங்குவாளாம், இவள் அவளிடம் சிங்களத்தில் சம்பளச் சிட்டை வாசிக்கப் பழகினாளாம். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். ஆளைப் பார்த்து முடிவெடுங்கள். அந்தப் பக்கத்தில் 1984இல் தொடங்கிய தாபிந்து என்ற பெண்கள் அமைப்பு வலயத் தொழிலாளர்களுக்காக வேலை செய்து வந்திருக்கிறது. போனவுடன் அப்படியான ஓர் இடத்தை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமலாப நிதி இலக்கம் எல்லாம் பூட்டுள்ள ஒரு பெட்டியில் இருக்கட்டும். திறப்பு உங்கள் கழுத்தில் இருக்கட்டும். இதைச் செய்தால் மற்றவள் குறைநினைப்பாளோ என்று யோசிக்காதீர்கள், அவளையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். இரண்டு பேரும் மற்றவருடைய வீட்டு ரெலிபோன் இலக்கத்தை எழுதி வையுங்கள். அம்புலன்சுக்கு 1990, பெண்களுக்கான உதவிக்கு 1938. கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

அறைத்தோழி எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அவளுடைய நுண்கடனுக்குப் பிணை நிற்கவேண்டாம். இதில் நான் கடுமையாகத்தான் சொல்வேன். குழுக்கடன் எடுத்து, ஒருத்தி கட்டாமல் போக மற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற கதைகள் வடக்கில் எத்தனை. 2018இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது வந்தது. கஷ்டமென்றால் கையில் இருக்கிற ஐந்நூறு ஆயிரத்தைக் கொடுங்கள், கொப்பியில் எழுதுங்கள். கையெழுத்துக் கொடுக்கவேண்டாம்.

சரிவராவிட்டால் ஒரு மாதம் முன்னரே சொல்லிவிட்டுப் பிரிவது என்று போகிற அன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள். பிரிவது குற்றமில்லை.

நான் ஊருக்கு வந்த பின்னரும் அக்கா அதே அறையில்தான் இருந்தார். வாடகை ஏறியபோதும் மாறவில்லை, விலாசம் அதுதானே. 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் சொந்தங்கள் தெருவில் இருக்கத் தொடங்கியபோது, லீவு நாட்களில் பஸ் எடுத்து வந்து அவரும் இருந்தார். நான் சோறு கட்டிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். அவருடைய கணவரின் படம் அவர் மடியில் இருக்கும்.

ஒவ்வொரு வருசமும் சித்திரையில் எனது கணவரின் திதியன்று விடிய ஆறு மணிக்கு ரெலிபோன் வரும். "பிள்ளை, விளக்கு வைச்சிட்டியோ?" என்று கேட்பார். வைத்துவிட்டேன் என்பேன். வேலை, பிள்ளைகள், மழை என்று கொஞ்சம் கதைப்போம். இந்த வருசமும் எடுத்தார். வைக்கிறதுக்கு முன்னர், வாசல் பல்பு பியூஸ் ஆகிவிட்டது, இப்போது புதுசு ஒன்று போட்டிருக்கிறேன், எல்ஈடி, கரண்ட் குறையுதாம் என்றார்.